பக்கத்து ஊர் மழை நம் ஊர் மழை ஆகுமா?

சென்ற பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது ஓர் அன்பர் என்னிடம் ஊர் விசாரித்தார். "மீனாட்சிபுரம்" என்றேன். "எந்த மீனாட்சிபுரம்? தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒன்று இருக்கிறதே!" என்று சிரித்தார். "பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போனால் எல்லையைத் தாண்டியதும் எங்கள் ஊர்" என்றேன். "ஓ, கேரளமா! அப்படியானால் உங்களுக்குத் தண்ணீருக்கு என்ன குறை? எப்போதும் மழைதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். வரிசை நகர்ந்ததால் எனக்குப் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

அதே வாரம் இன்னொரு கேள்வி வந்தது. பாஸ்டனுக்குப் பக்கத்தில் கடலை ஒட்டிய ஊரில் இருக்கிறது என் மகள் வீடு. இரவெல்லாம் பனி கொட்டும் என்று தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார்கள். காலையில் எழுந்து பார்த்தால் வெறும் மழைதான். ஆனால் மேற்கே உஸ்டர் நகரில் இருக்கும் அவள் சித்தி வீட்டுப் பக்கம் ஓர் அடிப் பனி விழுந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். என் பேத்திக்குப் பெருத்த ஏமாற்றம். "அப்பிச்சி, ஒரு மணி நேரத்தில் போகிற ஊருதானே? அவங்களுக்கு மட்டும் ஏன் லீவு?" என்று கேட்டாள்.

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான். நான் வானிலை விஞ்ஞானி அல்ல. சிவில் டிப்ளமா படித்து, ரயில் பாதைகளையும் பாலங்களையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். மழை எங்களுக்குப் பெரிய எதிரி. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதில் ஒரு பாடத்தைத் தவறு செய்துதான் கற்றேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் எங்கே இருக்கிறது

இந்தியாவின் மேற்குக் கடற்கரையை ஒட்டி வடக்குத் தெற்காக மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு சுவர் போல நிற்கிறது. அந்தச் சுவரில் பெரிய வாசல் ஒன்றுதான். அது பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி; அதன் உச்சி தொட்டபெட்டா 2637 மீட்டர். தெற்கே ஆனைமலை, அதன் உச்சி ஆனைமுடி 2695 மீட்டர். நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. பாலக்காடு நகரம் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு ரயில் பாதை போட்டவர்கள் இந்த வாசலைத்தான் பயன்படுத்தினார்கள். 1862-லேயே பேப்பூர் வரை ரயில் போய்விட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் மலை ரயில் 46 கிலோமீட்டரில் சுமார் 1900 மீட்டர் ஏறுகிறது. அதற்குப் பல் சக்கரம் தேவைப்படுகிறது. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி வரை 55 கிலோமீட்டருக்கு மேல் போனாலும் ஏற்றம் 200 மீட்டர்தான். பயணிக்கு ஏறுகிறோம் என்றே தெரியாது.

அந்தப் பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதையில்தான் எங்கள் மீனாட்சிபுரம் ஸ்டேஷன் இருக்கிறது. மீட்டர் கேஜ் பாதையாக இருந்ததை அகலப் பாதையாக மாற்ற 2008-இல் மூடினார்கள்; 2015-இல் மீண்டும் திறந்தார்கள். கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம், ஆனைமலை ரோடு, பொள்ளாச்சி என்று மேற்கிலிருந்து கிழக்கே வரும் அந்தப் பயணத்தை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? மழைப் பாடம் முழுவதும் அந்த ஜன்னலில் தெரியும். பாலக்காட்டில் நெல் வயல். கொல்லங்கோட்டில் வயலோடு பனை மரம். முதலமடை வந்ததும் மாந்தோப்பு. இந்தியாவிலேயே முதலில் சந்தைக்கு வரும் மாம்பழங்களில் முதலமடைப் பழமும் ஒன்று. மா பூக்கும் காலத்தில் மழை பெய்தால் பூ உதிர்ந்துவிடும். அங்கே அந்தக் காலம் வறண்டிருப்பதால்தான் அந்தத் தொழில் நடக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் தென்னை, வானம் பார்த்த மேட்டாங்காடு. இன்னும் வடகிழக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கம் போனால் கரிசல் மண். எல்லாம் கேரளம்தான். ஆனால் மண்ணும் மழையும் பேச்சும் கொங்கு நாட்டைச் சேர்ந்தவை.

மலை எப்படி மழை தருகிறது

ஈரக் காற்றை ஒரு பை என்று நினைத்துக்கொள்ளுங்கள். காற்று சூடாக இருந்தால் பை பெரியது, குளிர்ந்தால் சுருங்கிவிடும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். 10 டிகிரியில் 9 கிராம். உறைநிலையில் 5 கிராம்கூட இல்லை.

ஜூன் மாதத்தில் அரபிக் கடலின் மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும் தென்மேற்குக் காற்று பை நிறைய நீராவியோடு கேரளக் கரைக்கு வருகிறது. எதிரே மலைச் சுவர். காற்று மேலே ஏறியாக வேண்டும். ஏற ஏறக் குளிர்கிறது. ஈரம் இல்லாத காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிரும். மேகம் கட்ட ஆரம்பித்த பிறகு 6 டிகிரி அளவில் குளிரும். பை சுருங்கியதும் கொள்ளாத நீர் மழையாகக் கொட்டுகிறது. மலையின் மறுபுறம் காற்று இறங்கும்போது மறுபடி சூடாகிறது. பை பெரிதாகிறது. ஆனால் உள்ளே சரக்கு இல்லை. அதனால் மறுபுறம் மேகம் வந்தாலும் கலைந்துவிடும். இதைத்தான் மழை மறைவுப் பகுதி என்கிறோம்.

கடலிலிருந்து தள்ளிப் போகப்போக மழை குறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். அது பாதி உண்மைதான். கொச்சிக் கடற்கரையிலிருந்து மூணாறு சாலையில் கிழக்கே போனால் மலையடிவாரத்தில் நேரியமங்கலம் வருகிறது. கேரளத்திலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் அது ஒன்று. கொச்சியைவிடக் கடலுக்குத் தூரம்; ஆனால் கொச்சியைவிட மழை அதிகம். காற்று ஏறத் தொடங்குவது அங்கேதான். தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது. அந்தத் தூரத்தில் காற்று எதை ஏறிக் கடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

சுவர் இல்லாத இடத்தில்

இப்போது எங்கள் வாசலுக்கு வருவோம். கணவாயில் சுவர் இல்லை. அதனால் காற்று ஏற வேண்டிய அவசியம் இல்லை. நேராக நுழைந்து கிழக்கே போய்விடுகிறது. அகலமான ஆறு குறுகிய பாலத்துக்குள் நுழையும்போது வேகம் எடுப்பது போலக் காற்றும் வேகம் எடுக்கிறது. "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்ற பழமொழியை எங்கள் ஊரில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1995-இல் கேரள மின்வாரியம் கஞ்சிக்கோட்டில் காற்றாலை நிறுவியதும், கணவாயின் கிழக்கு முனையில் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் காடு போல நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான்.

ஆக எங்களுக்குக் காற்று முழுதாக வருகிறது. மழை சாரலாக வருகிறது. கேரள மாநிலத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர். பாலக்காட்டு நகரத்தில் சுமார் 2000. கணவாயைத் தாண்டிய கோயம்புத்தூரில் 600 முதல் 700. நாங்கள் இந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவே, கடலிலிருந்து நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்று அதே வாசல் வழியாக எங்களுக்குக் கொஞ்சம் மழை கொண்டுவரும். அதுவும் வருஷத்துக்கு வருஷம் மாறும்.

இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. சித்தூர் தாலுகா விவசாயியின் வயிற்றுப் பாடு. தன் வானத்து மழை போதாததால் அவர் ஆனைமலையில் பெய்யும் மழையை நம்பியிருக்கிறார். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தாகி 1958 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப் புழைக்காகக் கேரளத்துக்கு வர வேண்டும். தண்ணீர் குறையும் வருஷங்களில் இரு பக்கத்து விவசாயிகளும் குரல் எழுப்புகிறார்கள். இரு பக்கத்தாரும் ஒரே மலையின் மழை மறைவில் இருப்பவர்கள்தான். 2016-இல் பருவமழை பொய்த்துக் கேரளம் முழுவதையும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவித்தபோது பலருக்கு அது புதிய செய்தி. எங்கள் பகுதிக்கு அது பழகிய கஷ்டத்தின் பெரிய வடிவம்.

நான் செய்த தவறு

எண்பதுகளின் நடுவில், வேலையில் சேர்ந்த நான்காம் வருஷம், மலையடிவாரத்தை ஒட்டிப் போகும் ஒரு பாதை என் பொறுப்பில் இருந்தது. பாதையின் பெயரும் ஊரின் பெயரும் இங்கே வேண்டாம். அந்தப் பாதையில் ஓர் ஓடையின் மேல் இரண்டு கண் வைத்த பழைய செங்கல் வளைவுப் பாலம். ஒரு கண்ணின் வளைவில் விரிசல் விட்டிருந்தது. திரும்பக் கட்டச் செலவு அதிகம். ஆண்டில் பதினொரு மாதம் ஆடு மேயும் ஓடைக்கு எதற்கு இரண்டு கண் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்துச் சமவெளி ஊரின் மழைமானிக் கணக்குகளை எடுத்து, இருபது வருஷத்து அதிகபட்ச மழையைப் பார்த்து, ஒரு கண்ணே தாராளமாகப் போதும் என்று கணக்குப் போட்டேன். விரிசல் விட்ட கண்ணை அடைத்துவிட்டோம்.

அடைக்கும்போது பக்கத்தில் நின்ற கேங் மேஸ்திரி, "ஏனுங்க சார், இதை அடைக்கத்தான் வேணுங்களா?" என்றார். நான் கணக்கைச் சொன்னேன். அவர் ஓடையைப் பார்க்கவில்லை. தெற்கே மலையைப் பார்த்தார். "இங்க பேயற மழை இதுல வராதுங்க சார். அங்க பேயற மழைதான் இதுல வரும்" என்றார். வயதில் பெரியவர், முகத்துக்கு நேரே மறுக்கக் கூடாது என்று தலையை ஆட்டினேன். மனத்தில் ஏற்கவில்லை.

அடுத்த ஆடி மாதம். பாதையில் தூறல்கூட இல்லை, வெயில் அடித்தது. ஆனால் மத்தியானத்திலிருந்து மலை கறுத்துக் கிடந்தது. மாலையில் அந்த ஓடையில் பழுப்பு நிறத்தில் வெள்ளம் வந்தது. ஒரே கண்ணில் மரக்கிளைகள் அடைத்துக்கொண்டன. தண்ணீர் மண்கரைக்குப் பின்னால் தேங்கி உயர்ந்து, தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் பதினைந்து அடி நீளத்துக்கு அரித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. மாலைப் பாசஞ்சர் வரும் நேரம்.

ரயில் நின்றது. என் கணக்கால் அல்ல. மலை கறுத்ததைப் பார்த்த மேஸ்திரி, யாரும் சொல்லாமலே இரண்டு ஆட்களோடு பாலத்துக்குப் போய்க் காத்திருந்தார். கரை சரியத் தொடங்கியதும் வண்டி வரும் திசையில் சிவப்பு விளக்கோடு ஓடினார். வண்டியில் இருந்தவர்கள் ஏதோ சிக்னல் கோளாறு என்று நினைத்து இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் என்னிடம், "சார், வண்டி எப்போ கிளம்பும்?" என்று கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் கணக்கைத் திரும்பப் போட்டேன். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் பத்து லட்சம் லிட்டர் தண்ணீர். அந்த ஓடைக்கு நீர் வரும் பரப்பில் பெரும்பகுதி ஆயிரம் மீட்டர் உயரச் சரிவில் இருந்தது. நான் எடுத்த மழைமானி சமவெளியில், மழை குறைந்த பக்கத்தில் இருந்தது. இரண்டுக்கும் நேர்கோட்டில் பதினைந்து கிலோமீட்டர்தான். ஆனால் ஒன்று காற்று ஏறும் இடம். மற்றது காற்று இறங்கிவிட்ட இடம். எண்கள் சரியானவை, கூட்டல் கழித்தல் சரி, கையெழுத்தும் என்னுடையது. இடம் மட்டும் தவறு. அடைத்த கண்ணைத் திறந்து கட்டினோம். அதற்குப் பிறகு எந்தப் பாலத்துக்கும் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரையாவது கேட்காமல் நான் மதிப்பீடு எழுதியதில்லை.

மூணாறும் மறையூரும்

எங்கள் ஊரிலிருந்து தெற்கே, ஆனைமலையின் அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்திலும் எல்லை ஓரமெங்கும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. மலையின் வேலையை அங்கே இன்னும் தெளிவாகக் காணலாம். மூணாறில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கிருந்து நேர்கோட்டில் 25 கிலோமீட்டர் வடகிழக்கே மறையூர். தேயிலை முடிந்து சந்தன மரக் காடும் கரும்பும் ஆரம்பிக்கின்றன. மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கும் கீழே சின்னாறு போனால் முட்செடிக் காடு. அங்கே மழை ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர்தான். ஒரே மாவட்டம், அரை நாள் பயணம், ஆறில் ஒரு பங்கு மழை.

மூணாறில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908-இல் குறுகிய பாதையாக மாற்றித் தேயிலை ஏற்றினார்கள். 1924 ஜூலைப் பெருமழையில் பாதையும் பாலமும் அடித்துச் செல்லப்பட்டன. மறுபடி போடவே இல்லை.

இன்னொரு செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. 70 பேர் போய்விட்டார்கள். பெரும்பாலோர் நம் தமிழ்க் குடும்பங்கள். தகவல் தொடர்பு அற்றுப் போயிருந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி தெரிந்தது. மாவட்டச் சராசரி மழையோ, தொலைவில் உள்ள நகரத்து மழைமானியோ அந்தச் சரிவில் அன்றிரவு என்ன பெய்கிறது என்பதைச் சொல்லாது. மலைச் சரிவில் வாழ்கிறவர்களுக்கு அந்தந்தச் சரிவிலேயே மழைமானியும், அதைப் பார்த்து எச்சரிக்கும் ஆளும் வேண்டும்.

ஆனைமுடியில் ஏன் பனிப்பொழிவு இல்லை

மூணாறில் மார்கழி, தை மாதங்களில் புல்மேல் வெள்ளை படர்ந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். 2019 ஜனவரியில் பல நாட்கள் தொடர்ந்து வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய்த் தேயிலை கருகியது. ஆனால் அது வானத்திலிருந்து விழுந்த பனி அல்ல, உறைபனி. தெளிந்த இரவில் தரை சூட்டை இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அங்கே புல்மேல் உள்ள ஈரம் உறைகிறது. அதனால்தான் மேட்டில் இருக்கும் தேயிலை தப்பித்து, பள்ளத்துத் தேயிலை கருகும்.

பனிப்பொழிவுக்கு இரண்டு வேண்டும்: குளிர், ஈரம். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். மூணாறில் குளிர் இருக்கும் தை மாதத்தில் வானத்தில் ஈரம் இல்லை. ஈரம் கொட்டும் ஆடி மாதத்தில் குளிர் போதாது. கடலோரம் 28 டிகிரி என்றால் ஆனைமுடி உச்சியிலும் 10 டிகிரி அளவில் இருக்கும். அந்தப் பருவத்தில் உறைநிலை சுமார் 5000 மீட்டர் உயரத்தில்தான் வருகிறது. நம் மலைகளுக்கு அத்தனை உயரம் இல்லை. இமயமலையில் அந்த உயரம் உண்டு. அங்கேயும் சுவரின் விதி மாறாது. காஷ்மீரத்தின் சோனமார்க்கில் பனி ஆள் உயரத்துக்குக் குவியும். சுவரைத் தாண்டிய லடாக்கின் லே நகரத்தில் மழை, பனி எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான்.

பேத்திக்குச் சொன்ன பதில்

இப்போது பாஸ்டனுக்கு வருவோம். இந்தப் பக்கத்துப் பெரிய பனிப்புயல்களில் காற்று வடகிழக்கே அட்லாண்டிக் கடலிலிருந்து வருகிறது. குளிர்காலத்திலும் கடல் நீர் உறைநிலைக்குச் சில டிகிரி மேலே இருக்கும். அதைத் தொட்டு வரும் காற்றும் கொஞ்சம் சூடாகிறது. மேலே பனியாகப் பிறந்தது கடற்கரைக்கு இறங்கும்போது உருகி மழையாகிவிடுகிறது. உள்ளே போகப்போகக் கடலின் கதகதப்பு குறைகிறது. உஸ்டர் பாஸ்டனிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் மேற்கே, குன்றுப் பகுதியில் இருக்கிறது. குன்று காற்றை ஏற்றி அதிக ஈரத்தைப் பிழிகிறது. உயரம் குளிரைக் கூட்டுகிறது. ஆகப் பாஸ்டனில் ஆண்டுக்குச் சராசரி 50 அங்குலம் பனி என்றால் உஸ்டரில் 70 அங்குலத்துக்கு மேல். அன்றைக்கு மழையும் பனியும் பிரியும் கோடு எங்கள் வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் நடுவில் விழுந்தது. எங்கள் ஊரில் மழைக்கும் காற்றுக்கும் நடுவில் கோடு விழுவது போல.

எருமை நகரம் என்று நாம் வேடிக்கையாகச் சொல்லும் பஃபலோவில் கதை வேறு. அங்கே கடலின் இடத்தில் ஈரி ஏரி. நீளம் சுமார் 390 கிலோமீட்டர். உறையாத ஏரியின் மேல் நீளவாக்கில் உலர்ந்த குளிர்காற்று ஓடினால் வழியெல்லாம் ஈரத்தை ஏற்றிக்கொண்டு கரையேறிக் கொட்டுகிறது. 2014 நவம்பரில் பஃபலோவின் தெற்குப் புறநகர்களில் ஐந்து அடிக்கு மேல் பனி. அதே நேரத்தில் சில மைல் வடக்கே சில அங்குலம்தான். காற்று ஏரியைக் கடந்த பட்டை எங்கே விழுந்ததோ அங்கே மட்டும். ஏரி உறைந்துவிட்டால் இந்தப் பனி பெரும்பாலும் அடங்கிவிடும். சரக்கு ஏற்ற இடமில்லை.

"அப்படீன்னா நாமும் மேட்டுக்குக் குடிபோகலாமா?" என்றாள் பேத்தி. பனி வாரப் போகிறவர் அவள் அப்பா என்பதால் அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டியவை

எந்த ஊரானாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பருவத்தில் காற்று எந்தத் தண்ணீரைக் கடந்து வருகிறது? வரும் வழியில் எந்த மலையை ஏறி இறங்குகிறது? நாம் இருக்கும் இடம் ஏறும் பக்கமா, இறங்கும் பக்கமா, அல்லது சுவரே இல்லாத வாசலா? பிறகு நான்காவதாக ஒன்று: நம் ஊர் ஓடையில் வரும் தண்ணீர் எங்கே பெய்த மழை?

இதனால் பயன் என்ன? நம்மில் பலர் ஊரில் நிலம் வாங்க நினைக்கிறோம். "கேரள எல்லை, தண்ணீருக்குப் பஞ்சமில்லை" என்று தரகர் சொன்னால் மாநிலத்தின் பெயரைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடம் வைகாசி மாதத்தில் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று கேளுங்கள். ஓடையோரம் வீடு கட்டுகிறவர்கள், அது வறண்டு கிடப்பதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். மேலே மலை இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள்.

2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது, ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை மாநிலத்தில் வழக்கத்தைவிட 42 சதவீதம் அதிக மழை பெய்திருந்தது. இங்கே தொலைக்காட்சியைப் பார்த்துப் பதறிப்போய் ஊருக்கு அழைத்தவர்களில் நானும் ஒருவன். அப்போது என் அக்கா, "இங்க காத்துத்தாண்டா அடிக்குது. மலைப்பக்கம்தான் கறுத்துக் கிடக்குது" என்றார். நான் உடனே, "அக்கா, ஓடைப் பக்கம் யாரையும் விடாதே" என்றேன். முப்பது வருஷத்துக்கு முன் மேஸ்திரி எனக்குச் சொன்னதைத்தான் அவரிடம் திருப்பிச் சொன்னேன்.

பொங்கல் வரிசையில் என்னிடம் ஊர் விசாரித்த அன்பருக்கு இதுதான் என் பதில். அடுத்த விழாவில் சந்தித்தால் அவர் ஊரில் எந்தப் பக்கமிருந்து மழை வருகிறது என்று நான் கேட்கப்போகிறேன். தயாராக வரட்டும்.